மைக்கேல் மதன காமராஜன் திரைப்படத்தில் பன்முகத்தன்மையும் சித்தரிப்பும்

மைக்கேல் மதன காமராஜன் 1990 ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி வெளிவந்த தமிழ் நகைச்சுவைத் திரைப்படமாகும். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய இப்படத்தின் திரைக்கதையைக் கமல்ஹாசனும் உரையாடலைக் கிரேசி மோகனும் எழுதினர். இசை இளையராஜா. கமல்ஹாசன் இதில் நான்கு வேடங்களில் நடித்துள்ளார். ஒரே பிரசவத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பிரிந்து, நான்கு வெவ்வேறு வீடுகளில் வளரும் சகோதரர்களின் கதை இது. ஆள் மாறாட்டத்தால் விளையும் குழப்பமே படத்தின் நகைச்சுவைக்கு அடிப்படை. எனினும் பேச்சு வழக்கு, சமயம், வர்க்கம், பால் ஆகியவை தமிழ்த் திரைப்படங்களில் எவ்வாறு காட்டப்படுகின்றன என்பதை ஆராய்வோருக்கும் இப்படம் பயனுள்ள ஒன்றாகும். நால்வரும் தோற்றத்தில் ஒருவரே என்பதால், அவர்களை வேறுபடுத்தும் அனைத்தும் வளர்ப்பினால் வந்தவை என்பது பார்வையாளருக்கு ஐயமின்றித் தெரிகின்றது.

தமிழகத்தில் ஒருவரின் பேச்சைக் கேட்டவுடன் ஊரையும் சாதியையும் ஊகிப்பது இன்றும் வழக்கில் உள்ளது. அந்த ஊகம் எவ்வளவு உறுதியற்றது என்பதை இப்படம் எங்கும் வெளிப்படையாகக் கூறவில்லை. ஆயினும் அதன் கதையமைப்பு முழுவதும் அதன் மேலேயே நிற்கின்றது.

பெயர்

படத்தின் தலைப்பு நான்கு சகோதரர்களின் பெயர்களை இணைத்து உருவாக்கப்பட்டது. மைக்கேல், மதன் என்ற இரண்டும் வெளிப்படை. காமேசுவரன், ராஜு ஆகிய இரண்டும் சேர்ந்து 'காமராஜன்' ஆகின்றன. 'மதன காமராஜன் கதை' என்பது தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் கதைத் தொகுப்பாகும். இதனை நடேச சாஸ்திரி 1886 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இதே கதையைத் தழுவி 1941 இல் ஜெமினி நிறுவனம் 'மதனகாமராஜன்' என்ற படத்தைத் தயாரித்தது. பழைய பெயரின் முன்னால் ஒரு கிறித்தவப் பெயரை வைத்தமை 1990 இல் கேட்போருக்குப் புதுமையாக ஒலித்தது.

நான்கு வீடுகள்

சகோதரர்கள் பிரிந்த வரலாறு இளையராஜா பாடும் ஒரே பாடலில், படத்தின் தொடக்கத்திலேயே கூறி முடிக்கப்படுகின்றது. அதன்பின் படம் நேராக வளர்ந்த நால்வரிடம் வந்துவிடுகின்றது.

மதன் செல்வந்தர் வீட்டில் வளர்ந்து இலண்டனில் படித்தவன். அவனது தமிழில் ஆங்கிலம் மிகுதி. அவன் பேசும் முறையே அவனது செல்வத்துக்கும் அதிகாரத்துக்கும் அடையாளமாகின்றது. ராஜு சென்னையில் தீயணைப்புப் படை வீரன். சென்னைத் தமிழ் பேசுபவன்; கடன் நெருக்கடியில் இருப்பவன். அந்த நெருக்கடியே மதனுக்குப் பதிலாக நடிக்க அவனை ஒப்புக்கொள்ளச் செய்கின்றது. காமேசுவரன் பாலக்காடு மணி ஐயர் என்ற சமையற்காரரால் வளர்க்கப்பட்டவன், தானும் சமையற்காரன். மைக்கேல், அலெக்சு என்ற அடியாளிடம் வளர்ந்து குற்றத் தொழிலில் ஈடுபட்டவன்.

இவர்களுள் காமேசுவரனின் நிலை தனித்து நோக்கத்தக்கது. பெற்றோர் யாரெனத் தெரியாத குழந்தையாகக் கிடைத்தவன் பிராமணச் சமையற்காரரின் மகனாக வளர்ந்து, அவ்வீட்டின் பேச்சு, உணவு, அச்சம், ஆசாரம் அனைத்தையும் பெறுகின்றான். திருமண விருந்தின் சாம்பாரில் மீன் விழுந்துவிடும் காட்சியில் அவன் படும் பாடு எந்தப் பிறவிச் சமையற்காரரின் பாட்டுக்கும் குறைந்ததன்று. ஆசாரம் பிறப்பால் வருவது என்ற நம்பிக்கையை இக்காட்சி சிரிப்புக்கு நடுவே கேள்விக்கு உட்படுத்துகின்றது. படத்தில் எவரும் இதனைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. இதே பொருளைக் கண்ணீர்ப் படமாக எடுத்திருந்தால் மூன்று நீதிமன்றக் காட்சிகளாவது இடம்பெற்றிருக்கும்.

பாலக்காட்டுத் தமிழ்

மணி ஐயரும் காமேசுவரனும் பேசுவது பாலக்காட்டு ஐயர்களின் தமிழ் வழக்காகும். தஞ்சை, மதுரை முதலிய பகுதிகளிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் பாலக்காட்டுக் கணவாய் வழியே சென்று, கல்பாத்தி முதலிய அக்கிரகாரங்களில் குடியேறியவர்களின் பேச்சு இது. பாலக்காடு 1956 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசிய மக்களின் வழக்கில் மலையாளச் சொற்களும், அதைவிட முக்கியமாக மலையாளத்தின் இசைவும் கலந்தன. 'மொளகூட்டல்' போன்ற உணவுப் பெயர்களில் இரு மொழிகளின் சமையலறைகளும் சந்திக்கின்றன. பாலக்காட்டுச் சமையற்காரர்கள் திருமணச் சமையலுக்குப் பெயர் பெற்றவர்கள் என்பதால், கதாபாத்திரத்தின் தொழிலும் பேச்சும் இயல்பாகப் பொருந்துகின்றன.

இப்படத்துக்கு முன்னரும் தமிழ்ப் படங்களில் பிராமணத் தமிழ் நகைச்சுவைக்காகப் பயன்பட்டுள்ளது. ஆனால் அங்கெல்லாம் பொதுவாகச் சில சொற்களை மட்டும் தூவி, அதுவே வழக்கு எனக் காட்டுவர். இங்கு வழக்கு கதாபாத்திரத்தின் இயல்பாகவே அமைந்துள்ளது. காமேசுவரன் வெட்கப்படுவதும் பொய் சொல்லத் தடுமாறுவதும் அதே பேச்சிலேயே நிகழ்கின்றன. காமேசுவரனுக்கும் திருபுரசுந்தரிக்கும் இடையிலான காதல் பாடல் மலையாளம் கலந்த தமிழில் எழுதப்பட்டது. கமல்ஹாசனும் எஸ். ஜானகியும் பாடிய அப்பாடலில் கேலியின் சாயல் மிகக் குறைவு. கலப்பு மொழி காதலுக்கும் ஏற்றதே என்று ஒரு நகைச்சுவைப் படம் காட்டியது அந்நாளில் அரிய செயலாகும்.

பார்வையாளர் சிரிப்பது அந்தப் பேச்சைக் கண்டா, அந்தப் பேச்சைப் பேசுபவன் சிக்கிக்கொண்ட நிலையைக் கண்டா என்ற கேள்வி எழுகின்றது. காமேசுவரனைப் பொறுத்தவரை இரண்டாவதே மிகுதி எனலாம். மதனின் மாளிகையில் அவனை மதனாக நடிக்க வைக்கும்போது, அவன் தன் பேச்சை மறைக்கத் திணறுகின்றான். பெரிய இடத்தில் தன் ஊர்ப் பேச்சை மறைக்க முயன்ற எவருக்கும் அந்தத் திணறல் புரியும்.

இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும்

பாலக்காட்டு வழக்கின் தன்மையைப் புரிந்துகொள்ள விருதுநகர் மாவட்டத்தின் இராசபாளையம் நல்ல ஒப்பீட்டைத் தருகின்றது. இப்படத்தின் கதை அங்கு நிகழவில்லை. எனினும் மொழி நிலையில் இராசபாளையம் பாலக்காட்டின் மறுபக்கம் போன்றது. பாலக்காட்டு ஐயர் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசுகின்றார். ஆந்திரப் பகுதியிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்து இராசபாளையத்தில் குடியேறிய ராஜுக்கள் வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசுகின்றனர். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1949 முதல் 1952 வரை இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா இச்சமூகத்தைச் சேர்ந்தவர், இராசபாளையத்தில் பிறந்தவர். இவ்வூரின் பஞ்சாலைகளிலும் சந்தையிலும் ஒருவரே ஒரு நாளில் பலமுறை மொழி மாறிப் பேசுவது வியப்புக்குரியதாகக் கருதப்படுவதில்லை.

கரிசல் நிலப்பகுதி முழுவதற்கும் இது ஓரளவு பொருந்தும். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த கி. ராஜநாராயணன், கரிசல் தமிழின் முதன்மை எழுத்தாளராக விளங்கினார். கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதியாகவும் வெளியிட்டார். வீட்டு மொழி வேறு என்பதால் ஒருவரது தமிழ் குறைந்ததாகாது என்பதற்கு இவர் சிறந்த எடுத்துக்காட்டு.

தமிழ்த் திரைப்படங்களோ இத்தகையோரை அரிதாகவே காட்டியுள்ளன. தெலுங்கு பேசும் கதாபாத்திரம் பெரும்பாலும் ஆந்திராவிலிருந்து வந்த அயலாராகவே அமைக்கப்படும்; தமிழைத் தவறாகப் பேசுவதே அவரது வேலையாக இருக்கும். தமிழை எவ்விதத் தடையுமின்றிப் பேசி, பாட்டியிடம் மட்டும் தெலுங்கில் பேசும் இராசபாளையத்து மாணவனுக்குத் திரையில் ஒத்த உருவம் இல்லை. காமேசுவரன் போன்ற ஒரு பாத்திரம் பாலக்காட்டாருக்குக் கிடைத்தமை இதனாலேயே குறிப்பிடத்தக்கதாகின்றது.

இராசபாளையத்துக்கு ஏறத்தாழ 10 கி.மீ. வடக்கே உள்ள திருவில்லிபுத்தூரின் தலையாய கதையும் கண்டெடுத்த குழந்தையின் கதையே. பெரியாழ்வார் நந்தவனத்தில் துளசிச் செடியின் அடியில் கண்டெடுத்து வளர்த்த பெண் ஆண்டாள் என்பது வைணவ மரபு. அவரது பிறப்பைப் பற்றி மரபு அதிகம் கேட்பதில்லை. பெரியாழ்வாரின் வீட்டில் வளர்ந்ததே போதுமானதாகின்றது. திருப்பாவை பாடும்போது ஆண்டாள் திருவில்லிபுத்தூரை ஆயர்பாடியாகவும் தம்மை ஆய்ச்சியருள் ஒருவராகவும் பாவித்தார் என்று உரையாசிரியர்கள் விளக்குவர். ஆய்ச்சியரின் பேச்சும் நடையும் மட்டுமன்றி, அவர்கள் மேல் வீசும் பால், தயிர் வாடையும் அவரிடம் வந்துவிட்டது என்பது அவ்வுரைகளின் கருத்து. பிறர் பேச்சைத் தன் பேச்சாக்கிக்கொள்வது கேலிக்காகவும் இருக்கலாம், பற்றினாலும் இருக்கலாம் என்பதற்கு இதைவிடப் பழைய சான்றைத் தேட வேண்டியதில்லை. ஒரு நகைச்சுவைப் படத்தை இதனுடன் சேர்த்துப் பேசுவது சிலருக்கு ஒவ்வாதிருக்கலாம். ஆயினும் வளர்ப்பே ஒருவரை உருவாக்குகின்றது என்ற எண்ணம் இப்பகுதிக்குப் புதிதன்று என்பதை இது காட்டுகின்றது.

நடிகர்களும் அவர்கள் பேசிய வழக்கும்

படத்துக்கு உள்ளே நிகழ்வது படத்துக்கு வெளியிலும் நிகழ்ந்துள்ளது. பாலக்காடு மணி ஐயராக நடித்த டெல்லி கணேசு பாலக்காட்டைச் சேர்ந்தவர் அல்லர். திருநெல்வேலிச் சீமையின் வல்லநாட்டைச் சேர்ந்தவர். காமேசுவரனாக நடித்த கமல்ஹாசன் பரமக்குடியில் பிறந்தவர். திருபுரசுந்தரியாக நடித்த ஊர்வசியின் தாய்மொழி மலையாளம். இயக்குநர் தெலுங்கர்.

திருபுரசுந்தரியின் பாட்டியாக நடித்தவர் எஸ். என். லட்சுமி. இவர் விருதுநகருக்கு அருகிலுள்ள சென்னெல்குடியில் பிறந்தவர். நாடக மேடைகளில் பயின்று திரைக்கு வந்து, 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் நாகேசின் தாயாக நடித்துப் புகழ்பெற்றார். கரிசல் மண்ணிலிருந்து வந்த இவர், இப்படத்தில் கைக்குக் கிடைத்ததைத் திருடும் பழக்கமுள்ள பிராமணப் பாட்டியாகத் தோன்றுகின்றார். அவரது பேச்சைக் கேட்பவர் அவர் எந்த ஊரார் என்று ஊகிக்க இயலாது. 2012 இல் காலமானார்.

ஒரு சமூகத்தவரின் பாத்திரத்தில் அச்சமூகத்தவரே நடிக்க வேண்டும் என்ற கருத்து அண்மைக் காலத்தில் உலகெங்கும் வலுப்பெற்றுள்ளது. வாய்ப்பு மறுக்கப்பட்டோரைப் பொறுத்தவரை அக்கருத்தில் நியாயம் உண்டு. நாடகக் குழுக்களில் பயின்ற தலைமுறையினரோ எந்த வழக்கையும் கேட்டுப் பழகிப் பேசுவதைத் தம் தொழிலின் முதல் பாடமாகக் கொண்டிருந்தனர். சென்னைத் தமிழைத் திரையில் புகழ்பெறச் செய்த ஜே. பி. சந்திரபாபுவும் தூத்துக்குடியில் பிறந்தவரே.

பெண் பாத்திரங்கள்

நாயகர்கள் நால்வர், நாயகியர் மூவர். மைக்கேலுக்கு இணை இல்லை. ராஜுவின் காதலி சாலினியாகக் குசுபுவும், மதனின் காதலி சக்குபாயாக ரூபிணியும் நடித்துள்ளனர். இவ்விருவரின் பங்கும் கதையை நகர்த்தும் அளவுக்கு மேல் வளர்வதில்லை. நினைவில் நிற்பவள் திருபுரசுந்தரியே. தன் திருமணத்தைத் தானே முடிவு செய்பவள் அவள். காமேசுவரன் கூச்சத்தால் பின்வாங்கும் இடங்களில் முன்வருபவளும் அவளே. சக்குபாயின் தாயாக மனோரமா நடித்த பாத்திரம் பணத்தின் மேல் கண்ணுடையது. மனோரமாவுக்கு முன்னமே பழகிய வேடம் எனலாம்.

முதியவளான பாட்டிக்குக் கிடைத்துள்ள சுதந்திரம் இளம் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. அவள் திருடலாம், பொய் சொல்லலாம், ஆடவரை ஏய்க்கலாம். தமிழ்ப் படங்களில் முதிய பெண்கள் பெரும்பாலும் அழுவதற்கே அழைக்கப்பட்டனர் என்பதை நோக்க, இது மகிழ்ச்சிக்குரிய விலக்காகும்.

விமர்சனத்துக்குரியவை

கிறித்தவப் பெயர்கள் கொண்ட மைக்கேலும் அலெக்சும் குற்றவாளிகளாகவே காட்டப்படுகின்றனர். 1970களிலும் 1980களிலும் தமிழ்ப் படங்களில் கள்ளக்கடத்தல்காரருக்கும் அடியாட்களுக்கும் இத்தகைய பெயர் சூட்டுவது வழக்கமாக இருந்தது. இப்படமும் அவ்வழக்கத்தை ஆராயாமல் ஏற்றுக்கொண்டது. மைக்கேல் இறுதியில் குடும்பத்துடன் சேர்கின்றான் என்பது இக்குறையைச் சற்றுத் தணிக்கின்றது. ஆனால் காமேசுவரனின் வளர்ப்புக்குக் கிடைத்த நுணுக்கமான கவனம் மைக்கேலின் வளர்ப்புக்குக் கிடைக்கவில்லை. அவனது வீட்டில் என்ன சமைத்தனர், எந்தக் கோயிலுக்குச் சென்றனர் என்பது பார்வையாளருக்குத் தெரியாது.

மதனின் மெய்க்காவலர் பீம், வடநாட்டைச் சேர்ந்த பேருருவத்தவர். ஆசிய விளையாட்டுப் போட்டியில் வட்டு எறிதலில் தங்கம் வென்றவரும், தொலைக்காட்சி 'மகாபாரதம்' தொடரில் வீமனாக நடித்தவருமான பிரவீன்குமார் இவ்வேடத்தில் நடித்தார். உருவத்தைத் தவிர வேறொன்றும் இப்பாத்திரத்துக்கு வழங்கப்படவில்லை. வீடு எங்கே, மொழி எது என்ற கேள்விகளையே அடிப்படையாகக் கொண்ட படம், இவரிடம் மட்டும் அவற்றைக் கேட்கவில்லை.

நான்கு வீடுகளுள் ஒன்றேனும் முசுலிம் வீடாகவோ தலித் வீடாகவோ சிற்றூர் உழவர் வீடாகவோ இல்லை. கதை நிகழும் களம் பெரும்பாலும் சென்னையும் பெங்களூருமாக இருப்பது இதற்கு ஒரு காரணமாகலாம். எந்த வழக்குச் சிரிப்பைத் தரும், எந்த வீடு பார்வையாளருக்கு உறுத்தலின்றி இருக்கும் என்ற கணக்கு அக்காலத் திரைத்துறையில் இருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

பிறமொழி நகைச்சுவைப் படங்கள்

இரட்டையர் ஆள் மாறாட்டம் உரோம நாடகாசிரியர் பிளாட்டசு காலத்திலிருந்தே நகைச்சுவைக்குரிய பொருளாகும். இப்படத்தின் இறுதியில் மலை விளிம்பில் ஊசலாடும் வீடு, சாப்ளினின் 'தி கோல்டு ரசு' (1925) படத்தை நினைவூட்டும். சித்தரிப்பைப் பொறுத்தவரை எசுப்பானிய மொழிப் படங்கள் இரண்டு இதனுடன் ஒப்பிடத்தக்கவை.

மெக்சிக்கோவின் 'அகீ எசுத்தா எல் தெத்தாயே' (1940) படத்தில் காந்தின்பிளாசு என்ற புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் நகர்ப்புற ஏழையாக நடித்தார். நீதிமன்றத்தில் அவர் சுற்றி வளைத்துப் பேசப் பேச, வழக்கறிஞர்களும் நீதிபதியும் அவரைப் போலவே பேசத் தொடங்கிவிடுகின்றனர். தாழ்வாகக் கருதப்பட்ட பேச்சு மேலோரின் பேச்சைக் கவிழ்த்துவிடுகின்றது. இவரது பெயரிலிருந்து பிறந்த வினைச்சொல் 1992 இல் எசுப்பானிய அரச கழகத்தின் அகராதியில் இடம்பெற்றது. ராஜுவின் சென்னைத் தமிழுக்கு அத்தகைய வெற்றி கிட்டவில்லை. மாளிகைக்குள் நுழைந்ததும் அவன் மதனைப் போலப் பேசக் கற்க வேண்டியுள்ளது. மாளிகை அவனைப் போலப் பேசக் கற்பதில்லை.

எசுப்பானியாவில் லூயிசு கார்சியா பெர்லாங்கா இயக்கிய 'நல்வரவு, மிசுட்டர் மார்சல்' (1953) மற்றொன்று. அமெரிக்க உதவியை எதிர்பார்க்கும் ஒரு காசுத்தீலியச் சிற்றூர், அமெரிக்கருக்குப் பிடிக்கும் என்று எண்ணித் தன்னை அந்தலூசிய ஊராக வேடமிட்டுக்கொள்கின்றது. உடை, தொப்பி, வீட்டு முகப்பு அனைத்தும் மாறுகின்றன. அமெரிக்கரின் ஊர்திகள் நிற்காமல் சென்றுவிடுகின்றன. ஒரு நாட்டின் ஒரு வட்டாரம் மட்டும் முழு நாட்டின் முகமாக்கப்படும்போது மற்ற வட்டாரங்களுக்கு நேர்வதை இப்படம் சிரித்துக்கொண்டே காட்டுகின்றது. திரையில் சென்னை, மதுரை ஆகிய இரண்டு வழக்குகளை மட்டுமே நெடுநாள் கேட்டுவந்த தமிழ்ப் பார்வையாளருக்கு இது தொலைவான செய்தியன்று.

பின்வந்த படங்கள்

கமல்ஹாசன் பின்னர் 'சதிலீலாவதி' (1995) படத்தில் கோவைத் தமிழையும், 'தெனாலி' (2000) படத்தில் ஈழத் தமிழையும் பேசி நடித்தார். தெனாலியின் அச்சங்களுக்குப் பின்னால் போர் இருப்பதால், அங்கு வழக்கைக் கேட்டுச் சிரிப்பது பலருக்கு எளிதாக இருக்கவில்லை. கிரேசி மோகன் 2019 இலும் டெல்லி கணேசு 2024 இலும் காலமாயினர்.